கேட்டதும் சின்ன வயசுக்கே இழுத்துட்டுப் போற சத்தம்: பர்மால வளந்தவங்களுக்கு எது?

ஒருத்தர் கேட்டது:

"எந்த நாட்டுல பொறந்து வளந்தாலும் தமிழங்களுக்கு சின்ன வயசு ஞாபகம் வர்ற சத்தம்னா அது கோயில் மணியும் நாதஸ்வரமும்தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்னு நான் சொல்றேன். பர்மாக்காரங்க ஒத்துக்கிறீங்களா?"

ஜூன் 8, 2025, காலை 7.10

நான் ஒத்துக்கலை. எனக்கு அது சேஸி சத்தம், வேற எதுவும் கிட்டகூட வராது. பர்மாவைப் பாக்காதவங்களுக்காகச் சொல்றேன், காலைல பொங்ஜிங்க ஸூன் வாங்க வரிசையா வரும்போது முன்னாடி ஒரு பையன் தட்டிக்கிட்டே வருவான், தட்டையா ஒரு வெண்கலத் தகடு, அதான் சேஸி. பொங்ஜின்னா புத்த பிக்கு, ஸூன்னா அவங்களுக்குப் போடுற சோறு.

நான் தன்லின்காரி, பெரியவங்க வாயில இன்னும் சிரியம்தான், யாங்கோன்ல இருந்து பெகு ஆத்துக்கு அந்தக் கரை. அப்பாவுக்கு ரிஃபைனரில வேலை. எங்க அப்பாயி நாலரைக்கே எந்திரிச்சு அடுப்பு மூட்டிரும், சோறு வடிச்ச ஒடனே மொதக் கரண்டியை ஸூனுக்குன்னு தனியா எடுத்து மூடி வச்சிரும், அதுக்கப்புறம்தான் எங்களுக்கு. தூரத்துல சத்தம் கேட்டதும் என்னைத் தட்டி எழுப்பும். வாசப்படில செருப்பைக் கழட்டிட்டு நிக்கணும். பொங்ஜி பாத்திரத்து மூடியைத் தெறப்பாரு, கறுப்புப் பாத்திரம், உள்ள ஏற்கெனவே நாலஞ்சு வீட்டுச் சோறு ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கும், ஒரு வீட்டுது குழைஞ்சிருக்கும் ஒரு வீட்டுது உதிரியா இருக்கும், எங்க அப்பாயி விளிம்புல கரண்டி படாம அப்படியே கவுக்கும். எனக்கு அவ்வளவு ஒசரம் எட்டாது, அதனால வரிசைக் கடைசில வர்ற சின்னச் சாமியார்ப் பையன் பாத்திரம்தான் எனக்கு, அவன் கொஞ்சம் குனிஞ்சு காட்டுவான். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. தெருவுல அந்த நேரத்துக்கு இருக்கிற ஒரே சத்தம் சேஸி.

கோயில் மணி எனக்குப் பிடிக்கும், அது வேற. ஆனா என்னை ஏழு வயசுல கொண்டு போய் நிறுத்துறது இதுதான்.

ஜூன் 8, ராத்திரி 9.30

சேஸின்னா கோங்குதானேன்னு கேட்டவருக்கு. இல்லைங்க, கோங்கு வட்டம், நடுவுல குமிழ் இருக்கும். சேஸி முக்கோணம், ரெண்டு ஓரமும் மீசை முறுக்கின மாதிரி மேல வளைஞ்சிருக்கும், உச்சில ஒரு ஓட்டை, அதுல கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பிடிச்சுக்குவாங்க. மரக்கட்டையால ஓரத்துல தட்டணும், நடுவுல தட்டக் கூடாது. ஓரத்துல அடி விழுந்ததும் தகடு சுத்த ஆரம்பிச்சிரும், அதுலதான் எல்லாமே இருக்கு. சுத்தும்போது தகட்டோட முகம் நம்ம பக்கம் திரும்பினா சத்தம் பெருசா வரும், ஓரம் திரும்பினா சன்னமாயிரும், மறுபடி முகம், மறுபடி ஓரம். ஒரே அடிதான், ஆனா காதுக்கு அது ஏறி எறங்கி ஏறி எறங்கி வந்துக்கிட்டே இருக்கும், கயிறு முறுக்கு நின்னு திருப்பிச் சுத்துறப்ப அந்த ஏத்த எறக்கமும் மாறும். கெட்டிக்காரப் பையன் சத்தம் முழுசா அடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடுத்த அடி போடுவான். அவசரக்காரப் பையனா இருந்தா தகரத்தைத் தட்டுற சத்தம்தான் வரும், அப்பாயி "இன்னிக்கு வந்த பய புதுசு"ன்னு உள்ள இருந்துக்கிட்டே சொல்லிரும்.

நல்ல சேஸி மண்டலேல இருந்து வரும். அங்க தம்பவதின்னு ஒரு பேட்டை, புத்தர் சிலை, மணி, கோங்கு எல்லாம் வெண்கலத்துல வார்க்கிறவங்க தெருத் தெருவா இருக்காங்க. ஒண்ணு வாங்கும்போது கடைக்காரர் பத்துத் தகட்டைத் தட்டிக் காட்டுவாரு, பத்தும் பத்து விதமாக் கேக்கும், பொறுமையா நின்னு கேட்டுத்தான் எடுக்கணும்.

ஜூன் 9, மதியம்

"அது அவங்க மதத்துச் சத்தம், நம்மளுது எப்படி ஆகும்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. எனக்கு இதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியலை.

பர்மால புண்ணியம் பண்ணினா அதைத் தனக்குன்னு பூட்டி வச்சுக்க மாட்டாங்க. தானம் குடுத்து முடிச்சதும் தண்ணி ஊத்தி, "அம்யா, அம்யா, அம்யா"ன்னு மூணு தடவை சொல்லி, சேஸியையோ மணியையோ தட்டுவாங்க. இந்தப் புண்ணியத்துல உங்களுக்கும் பங்கு, எடுத்துக்குங்கன்னு அர்த்தம். சத்தம் யார் காதுல விழுதோ அவங்க "தாடு, தாடு, தாடு"ன்னு சொல்லிப் பங்கை வாங்கிக்கலாம். நீ என்ன ஜாதி, என்ன சாமின்னு யாரும் கேக்கறதில்லை, காதுல விழுந்தாப் போதும். யாங்கோன்ல இருக்கிற பெரிய புத்தர் கோயில் ஷ்வேடகோன்ல மணி அடிக்கிறவங்க மூணு தடவை அடிக்கிறதும் இதுக்குத்தான்.

எங்க அப்பாயி புதுக்கோட்டைப் பக்கத்துல பொறந்து கைக்குழந்தையா கப்பல்ல வந்தது. பர்மீஸும் சரி தமிழும் சரி, எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்துக்குக் கட்டைவிரல்தான். ஸூன் போட்டு முடிச்சதும் கையைக் கூப்பி "தாடு தாடு தாடு"ன்னு சொல்லும், அதே மூச்சுல "முருகா"ன்னும் சொல்லும். அதுக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடும் தெரியலை. அந்தச் சத்தம் எங்க வாசல்ல எங்க சோத்துக்காக நின்ன சத்தம். இதைவிட நம்மளுதா ஆகிறதுக்கு ஒரு சத்தம் வேற என்ன பண்ணணும்?

ஜூன் 9, ராத்திரி 11

இப்ப மழை விட்டிருக்கு, பின்னாடி சுவத்துல தௌக்தே கத்துது. ஆறு எண்ணினேன். ஏழாவது வரலை.

ஜூன் 11

தௌக்தேன்னா என்னன்னு தமிழ்நாட்டுல இருந்து ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க. பெரிய மரப்பல்லி, ஒரு சாண் நீளம் இருக்கும், சாம்பல் நீல உடம்புல ஆரஞ்சுப் புள்ளி. மொதல்ல தொண்டைக்குள்ள கடகடன்னு ஒரு உருட்டு உருட்டும், அப்புறம் "தௌக்... தே, தௌக்... தே"ன்னு தெளிவாக் கூப்பிடும், கடைசிக் கூப்பாடு வரும்போது மூச்சு வாங்கி இழுத்து இழுத்துத்தான் வரும். சின்னப் பிள்ளைங்க நாங்க படுத்துக்கிட்டே எண்ணுவோம். ஒத்தைப்படைல முடிஞ்சா நாளைக்கு வாத்தியார் அடிக்க மாட்டாரு. எங்க பெரியண்ணன் மட்டும் கடைசில ஒண்ணு சேத்தோ கொறைச்சோ தனக்குத் தோதா சொல்லிரும், அதுல தினம் சண்டை. அப்பாயி பல்லி சொல்லுக்குப் பலன் பாக்கிற பழக்கத்தை அப்படியே இதுக்கும் ஒட்ட வச்சுக்கிச்சு, எந்தத் திசைல இருந்து கத்துதுன்னு பாத்துத்தான் நல்லது கெட்டது சொல்லும்.

நடுவுல சில வருஷம் இதைப் பிடிச்சு மருந்துக்குன்னு வெளிநாட்டுக்கு விக்கிற வியாபாரம் தலைவிரிச்சு ஆடுச்சு, ராத்திரி டார்ச் லைட்டோட ஆளுங்க மரம் மரமாத் தேடினாங்க. 2019ல இதை உலக அளவுல வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உயிரினப் பட்டியல்ல சேத்தாங்க. எங்க சுவத்துல இருக்கிறது தப்பிச்சு வந்த குடும்பம்னு நெனைச்சுக்குவேன்.

ஆனா கேட்டீங்கன்னா, இது எனக்கு ராத்திரிச் சத்தம். பயம் கலந்த சத்தம். இதைக் கேட்டா சின்ன வயசு வருது, அப்பாயி வர்றதில்லை. சேஸிக்கு அப்பாயி வரும்.

ஜூன் 14

ஆத்துச் சத்தத்தை ஏன் விட்டுட்டீங்கன்னு யாங்கோனுக்கு எதிர்க்கரை தலா ஊர்க்காரர் ஒருத்தர் கேட்டாரு, நியாயம்தான். தன்லினுக்குப் பாலம் வந்தது 1993ல. அதுக்கு முன்னாடி யாங்கோன் போகணும்னா பெரிப் படகு ஏறணும், வேற வழி கெடையாது. கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு நீளமான சங்கு ஊதும், அது ஊதின பொறகும் தலைல கூடையோட ஓடி வந்து குதிக்கிறவங்க இருப்பாங்க. அந்தச் சங்கு எனக்குத் தீபாவளித் துணி. ஏன்னா வருஷத்துல ஒரு தடவை துணி எடுக்கத்தான் எங்களை முகல் தெருவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, இப்ப அது ஷ்வேபொந்தா தெரு.

பெரில இன்னொரு வேலை இருந்துச்சு எங்களுக்கு. தம்மசேதி ராசா 1484ல வார்த்த மணி கதை பர்மால எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும், 1,80,000 வீசைன்னு சொல்லுவாங்க, இன்னிக்குக் கணக்குல கிட்டத்தட்ட 300 டன் வருது. ஷ்வேடகோன்ல இருந்த மணி. சிரியத்தைப் பிடிச்சு வச்சிருந்த போர்ச்சுகீசியன் தெ ப்ரிட்டோ அதை உருக்கிப் பீரங்கி செய்யலாம்னு 1608ல தூக்கிட்டு வந்தான், யாங்கோன் ஆறும் பெகு ஆறும் சேர்ற எடத்துல பாரம் தாங்காம தண்ணிக்குள்ள போயிருச்சு. இன்னிக்கு வரைக்கும் எத்தனையோ பேர் தேடியாச்சு, கெடைக்கலை. அஞ்சு வருஷம் கழிச்சு 1613ல அவனையும் பர்மிய ராசா பிடிச்சுக் கொன்னுட்டாரு. எங்க பெரி அந்தத் தண்ணி வழியாத்தான் போகும். பெரியண்ணன் சொல்லும், எஞ்சின் கொஞ்சம் அடங்கற எடத்துல காதைத் தரைல வச்சா கீழ மணி கேக்கும்னு. நாங்க எல்லாரும் தீபாவளிக்கு எடுத்து வச்ச சட்டையோட எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டின பலகைல படுத்துக் காதை ஒட்டி வச்சிருக்கோம். அம்மா தலைல கொட்டும். நான் கேட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அந்த வயசுல, இப்பவும் அதை வாபஸ் வாங்கத் தோணலை.

இதே ஆத்துல இன்னொரு மணியும் விழுந்துச்சு. மொத ஆங்கில பர்மா யுத்தத்தப்போ வெள்ளைக்காரன் ஷ்வேடகோனோட சிங்கு ராசா மணியைக் கப்பல்ல ஏத்தப் பாத்தான், 23 டன், அது முங்கிருச்சு. அதை மட்டும் பர்மாக்காரங்க தூக்கிக் கொண்டு போய்ப் பழைய எடத்துலயே வச்சிட்டாங்க. போனா அடிச்சுப் பாருங்க.

ஜூன் 15

ராத்திரி தூங்காம யோசிச்சது. சேஸி சத்தம்தான் என்னை இழுக்குதா, இல்ல அந்த விடியக்காலை நேரமா?

ஏன் கேக்கறேன்னா, போன மாசம் மார்க்கெட்ல பட்டப்பகல்ல ஒரு கூட்டம் நன்கொடை வசூலுக்கு வந்துச்சு, முன்னாடி ரெண்டு பேர் சேஸி தட்டிட்டு வந்தாங்க, நல்ல சேஸிதான், தட்டினவருக்கும் கை தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே ஆகலை. காசு போட்டேன், மீன் வாங்கினேன், வந்துட்டேன். வீட்டுக்கு வந்த பொறகுதான் அது எனக்கே உறைச்சுது. வெயில், லவுட்ஸ்பீக்கர், பக்கத்துல மீன் வெட்டுற சத்தம், இதுக்கு நடுவுல அது வெறும் வெண்கலம். அப்ப சத்தம் தனியா வர்றதில்லை. இருட்டு விலகாத தெரு, வடிச்ச கஞ்சி வாசனை, கால்ல படுற ஈரப் படி, இதெல்லாம் ஒண்ணாச் சேந்து இருந்தாத்தான் பூட்டு தெறக்குது. ஆனா வாசனையும் ஈரப் படியும் மட்டும் இருந்து சேஸி இல்லைன்னா? அப்படியும் எத்தனையோ காலை எந்திரிச்சிருக்கேன், தெறக்கலை. அதனால சத்தம்தான் சாவின்னு இன்னும் சொல்லுவேன், எல்லாக் கதவுக்கும் பொருந்தற சாவி இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 15, அஞ்சு நிமிஷம் கழிச்சு

வாசனைதான் சத்தத்தைவிட ஒசத்தின்னு எழுதினவருக்கு: வாசனை நம்ம கிட்டப் போனாத்தான் வரும். சத்தம் நம்மளைத் தேடி வரும், போர்வைக்குள்ள இருந்தாலும் விடாது. நான் சத்தம் கட்சி.

ஜூன் 21

ஆஹா, பஸ் ஸபெயாவை ஞாபகப்படுத்திட்டீங்களே. இங்க கண்டக்டரை ஸபெயான்னு சொல்லுவாங்க. படிக்கட்டுல ஒத்தைக் கால்ல தொங்கிக்கிட்டு "சூலே சூலே சூலே சூலே"ன்னு மூச்சு விடாமக் கத்துவாங்க, "லெதான் லெதான் லெதான்"னு இன்னொருத்தன், ரெண்டும் யாங்கோன்ல பஸ் போற எடம், ரெண்டு பஸ் ஒண்ணா நின்னா ரெண்டு பேரும் போட்டி போட்டு ராகமே மாறிரும். எறங்க ஆள் இருந்தா டிரைவருக்கு "பாதெ!", கெளம்பணும்னா "ஸ்வெ!". பஸ் சைடுல தகரத்தை உள்ளங்கையால ரெண்டு தட்டு. 2017 ஜனவரில ஒய்பிஎஸ்னு புது பஸ் ஏற்பாடு வந்து எல்லா நம்பரையும் மாத்தினப்ப ஸபெயாங்களை எடுத்துட்டாங்க, அப்புறம் பெட்டில காசைப் போட்டுட்டு ஏறிக்க வேண்டியதாப் போச்சு. அப்ப எரிச்சலா இருந்த சத்தம், ஆளைப் பிடிச்சு இழுத்து ஏத்துவாங்க, பொம்பளைங்க நாங்க எவ்வளவு திட்டியிருக்கோம், நடுரோட்டுல எறக்கி விட்டதும் உண்டு. இருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டிட்டுப் போற பஸ்ஸுக்கும் வாய் தெறக்காம வந்து நிக்கிற பஸ்ஸுக்கும் வித்தியாசம் இருக்கு. என் தங்கச்சி பையன் தூக்கத்துல "சூலே சூலே"ன்னு பொலம்புவான், மூணு வயசுல. அவனுக்கு ஸபெயா ஆகணும்னு ஆசை, இப்ப சிங்கப்பூர்ல எஞ்சினியர், போன வாரம் கேட்டதுக்கு அந்த ஆசை இன்னும் போகலைங்கிறான்.

ஜூன் 29

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எழுதிடறேன்.

எங்க பெரியத்தை, அப்பாவுக்கு அக்கா, காரைக்குடிப் பக்கம் இருக்கு. 1964ல இங்க கடைங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப, மாமாவுக்கு முகல் தெருவுல துணிக்கடை, அதுவும் போச்சு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்துல ரெண்டு பேரும் மெட்ராஸ் கப்பல் ஏறிட்டாங்க. அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. எண்பதைத் தாண்டியாச்சு, ஞாபகம் தப்பித் தப்பிப் போகுது, சில நாள் பேரப்பிள்ளை பேரே வர்றதில்லையாம். இங்க எழுதினதை எல்லாம் அங்க என் அத்தை மக படிச்சுட்டு, அம்மாவுக்கு அந்தச் சேஸி சத்தத்தைக் கேக்க வைக்க முடியுமான்னு கேட்டா.

சரின்னு காலைல வீடியோ கால் போட்டேன். இங்க ஆறு மணின்னா அங்க அஞ்சு. அத்தையை எழுப்பி உக்கார வச்சிருந்தாங்க. நான் மூணாவது மாடி பால்கனில போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பொங்ஜிங்க வந்தாங்க, பையன் நல்லாத்தான் தட்டினான், அத்தை முகத்துல ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கம் எப்படிக் கேட்டுச்சுன்னு அப்புறம் விசாரிச்சேன், "டிங் டிங்னு ஏதோ வந்துச்சு, நடுநடுவுல ஒண்ணுமே கேக்கலை"ன்னா. போன்காரன் பேச்சைத் தவிர மத்ததை எல்லாம் இரைச்சல்னு வடிகட்டிடறான்ல, சேஸியோட அந்த ஏத்த எறக்கத்தையும் இரைச்சல்னு நெனைச்சு வெட்டிட்டான். எனக்கு அழுகையே வந்துருச்சு. இவ்வளவு தூரம் எழுப்பி உக்கார வச்சு.

வச்சிரலாம்னு இருக்கும்போது கீழ பெப்யோக்காரம்மா வந்துச்சு. முளைகட்டி அவிச்ச பட்டாணி, தலைல தட்டோட, எங்க தெருவுக்குத் தினம் வர்ற அம்மா, "பெ... ப்யோ...க்"னு மொத எழுத்தைத் தெரு முனைல ஆரம்பிச்சாக் கடைசி எழுத்து எங்க வாசலுக்கு வந்துதான் முடியும். வழக்கமா வாங்கறதுதானே, ஒரு கையில போன், இன்னொரு கையால கயித்துல பையைக் கட்டிக் கீழ எறக்கறேன். யாங்கோன் மாடி வீடுங்கள்ல எல்லாரும் தொங்க விட்டிருப்போம்ல அந்தக் கயிறு. அப்ப போன்ல இருந்து ஒரு சத்தம், நல்ல கணீர்னு, பர்மீஸ்ல:

"ஸே ப்யா ஃபோ!"

பத்து ப்யாவுக்குக் குடு. அத்தைதான். எந்திரிச்சு நிக்கப் பாத்திருக்கு, மக பிடிச்சு உக்கார வச்சிருக்கா. திரும்பவும் ஒரு தடவை, "ஸே ப்யா ஃபோ, எண்ணெய் ஊத்தாத"ன்னு, ரெண்டாவது பாதி தமிழ்ல. அத்தை பர்மீஸ் பேசி அந்த வீட்டுல யாருமே கேட்டதில்லையாம். அந்த மகளுக்கே அறுபது ஆகப் போகுது, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டதில்லைங்கிறா. ப்யாக் காசையே இங்க இப்ப யாரும் கண்ணால பாக்கறதில்லை, அன்னிக்கு நான் வாங்கினது ஆயிரம் சாட்டுக்கு. பெப்யோக்காரம்மா மேல பாத்து யாருன்னு கேட்டுச்சு, அத்தைன்னேன், எந்த ஊருன்னு கேட்டுச்சு, இந்தியான்னேன். ஒரு கை கூடுதலா அள்ளிப் போட்டு, "இது அவங்களுக்கு, நீ சாப்பிட்டுரு"ன்னுச்சு.

அத்தை அப்புறம் கொஞ்ச நேரம் தெளிவாப் பேசுச்சு. பட்டாணியைச் சுடுசோத்துல போட்டு வெங்காயம் வதக்கிப் பெரட்டுறது, எங்க தாத்தா அதுக்குக் கத்திரிக்கா கேட்டு அடம் பிடிக்கிறது, எல்லாம் சொல்லுச்சு. சேஸி பத்தி நான் எடுத்துக் கேட்டேன். "அது நம்ம அம்மாவோட சத்தம்டி, எனக்கு இது"ன்னுச்சு.

ஜூலை 2

எல்லாருக்கும் நன்றி, அத்தை நல்லா இருக்கு. மறுபடி போன் போட்டீங்களான்னு கேட்டவங்களுக்கு, ஆமா, பெப்யோ நேரத்துக்குத்தான் போடறேன். சில நாள் பதில் வருது, சில நாள் வர்றதில்லை.

மொதக் கேள்வி கேட்டவர் "உங்க அத்தையும் கோயில் மணியைச் சொல்லலையே"ன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்காரு. வருத்தப்படாதீங்க, கோயில் மணியை நான் கொறைச்சுச் சொல்லவே இல்லை. பிலிக்கான்ல அங்காள பரமேஸ்வரி கோயில் திருவிழா வந்தா தீமிதி அன்னிக்கு மணியும் மேளமும் உடுக்கையும் சேந்து அடிக்கிறப்ப எனக்கும் ஒடம்பு சிலுக்கும், யாங்கோன்ல இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு சனம் வரும், தமிழங்க மட்டுமில்ல, பர்மாக்காரங்களும் நேந்துக்கிட்டு வருவாங்க. நம்ம மணிக்கு உள்ள நாக்கு இருக்கு, கயிறு பிடிச்சு ஆட்டினா அது தானாப் பேசும். பகோடா மணிக்கு நாக்கே கெடையாது, தரைக்கு மேல கொஞ்ச ஒசரத்துல தொங்கும், வெளிய இருந்து கட்டையால தட்டணும். எங்க தெருப் பிள்ளைங்க ரெண்டையும் கண்ணை மூடிக்கிட்டே சொல்லிருவோம். எனக்கு ரெண்டும் வீடு.

ஆனா நாதஸ்வரம்? நான் வளந்த கோயில்ல அது டேப்ரிக்கார்டர்லதான் வரும், பழைய கேசட், ஒரு எடத்துல இழுத்துக்கிட்டுப் போய் அப்புறம் சரியாகும். கல்யாணத்துலயும் அதே கேசட்தான். அதை ஞாபகம்னு சொன்னா நான் அந்தக் கேசட்டைத்தான் சொல்லணும். தஞ்சாவூர்க்காரருக்கு ஞாபகம் வர்ற சத்தத்தை எனக்கும் வந்தாகணும்னு சொன்னா அப்பாயியோட வாசலை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? தமிழ் எனக்கு அப்பாயி வாயில இருந்தும் கோயில் வகுப்புல இருந்தும் வந்துச்சு, அதை யாரும் எடுக்க முடியாது. காது இந்த ஊர்த் தெருவுல தெறந்துச்சு. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ளதான் இருக்கு.

ஜூலை 12

வாசோ பௌர்ணமி முடிஞ்சு பொங்ஜிங்க மழைக்கால விரதத்துல உக்காந்துட்டாங்க, இனி தடின்ஜு பௌர்ணமி வரைக்கும் மூணு மாசம் மடத்தை விட்டு வெளியூர் தங்கப் போக மாட்டாங்க. காலைல ஸூனுக்கு வருவாங்க, மழைன்னாக் குடையோட.

எங்க தெருல இப்ப சேஸிக்குப் போட்டி ஜெனரேட்டர். கரண்ட் போன ஒடனே கீழ் வீட்டுக்காரங்க இழுத்துடறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, கொழந்தைக்கு ஃபேன் வேணும். விடியக்காலைல கரண்ட் இல்லாத நாள்ல பொங்ஜிங்க வாசலுக்கு வந்து நின்னாத்தான் தெரியுது. பக்கத்து வீட்டு ரெண்டாங்கிளாஸ் பாப்பாகிட்ட உனக்கு எந்தச் சத்தம் பிடிக்கும்னு கேட்டேன். கரண்ட் வந்ததும் தெரு முழுக்க எல்லா வீட்டுலயும் பிள்ளைங்க "மீ லாபி!"ன்னு ஒண்ணாக் கத்துவாங்கள்ல, அதுன்னுச்சு. நல்ல பதில். நாங்களும் அப்படிக் கத்தினவங்கதான், அப்பவும் கரண்ட் போகும்.

பதிவு பண்ணணும்னு ஆசைப்படறவங்களுக்கு நான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன். போன் கால்ல வேணாம், வாய்ஸ் மெசேஜ்லயும் வேணாம், ரெண்டும் சத்தத்தை நசுக்கிரும். போன்ல ரெக்கார்டர் இருக்கும், அதுல இரைச்சல் நீக்கறதுன்னு ஏதாவது போட்டிருந்தா அணைச்சுட்டு எடுங்க. பையனுக்கு ரொம்பக் கிட்டப் போகாதீங்க, வாசல்ல இருந்து எப்படிக் கேக்குமோ அவ்வளவு தூரம் போதும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, தெரு முனை தாண்டிப் போற வரைக்கும் விடுங்க, நடுவுல வெட்டாதீங்க. எடுக்கிற அன்னிக்கும் ஸூன் போட்டுட்டு எடுங்க, வெறுங்கையோட நின்னு படம் பிடிக்கிறது பாக்க நல்லா இல்லை.

மௌல்மெய்ன், தட்டோன், பெகுல இருக்கிறவங்க உங்க தெருல சேஸி இன்னும் வருதா, எத்தனை மணிக்குன்னு எழுதுங்க. காரைக்குடி பர்மா காலனி, வியாசர்பாடிப் பக்கம் இருக்கிறவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க, பெரி சங்கோ, பெப்யோவோ, தௌக்தேயோ, யாங்கோன்லயும் தன்லின்லயும் எடுக்கக் கூடியதை நான் எடுத்து அனுப்பறேன். தௌக்தேக்கு மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க, அது நம்ம நேரத்துக்குக் கத்தாது.